கீபோர்டு ஸ்மார்ட்போன் பழுது: நான்கு முறை மலையிறங்கியும் தீராத புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், ஏற்காடு, சேலம் மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.
பொருள்: அமுக்கும் விசைகள் உள்ள, வாரண்டியில் இருக்கும் போனின் கீபோர்டை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆறு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஆறுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில். அதனால் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

2 என்ற எண் பொறித்த விசையை ஒருமுறை அமுக்கினால் இரண்டு முறை விழுகிறது. 25 கிலோ மிளகு என்று அடித்தால் 225 கிலோ என்று போகிறது. எண்ணி இருபது முறை அமுக்கிப் பார்த்ததில் முதல் தடவை 27 விழுந்தது, அடுத்த தடவை 31. ஸ்பேஸ் விசையோ வலது ஓரத்தில் அமுக்கினால் விழுவதே இல்லை, நடுவில் நகத்தால் குத்த வேண்டும். ஓடிபி எண்ணில் ஒரு 2 வந்தாலே தப்பாகிவிடுகிறது.

இது சாப்ட்வேர் கோளாறு இல்லை. நாம் ஏற்றிய ஆப் எதுவும் இயங்காத சேஃப் மோடில் போட்டாலும் இரட்டிப்பாகவே விழுகிறது. ப்ளூடூத் கீபோர்டை இணைத்து அடித்தால் ஒழுங்காக விழுகிறது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் சிறிய உலோகக் குமிழ் இருப்பதும், அதன் வில்தன்மை தளர்ந்தால் அல்லது இடையில் தூசி புகுந்தால் தொடர்பு ஒருமுறைக்குப் பதில் துள்ளித் துள்ளி ஏற்படுவதும் செய்தவர்களான உங்களுக்குத் தெரியாதா? கீபோர்டையும், அதை போனோடு இணைக்கும் மெல்லிய பட்டையான ஃப்ளெக்ஸ் கேபிளையும் சேர்த்து மாற்றினால் முடிகிற வேலை. உங்கள் சேலம் சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை சாப்ட்வேர் ஏற்றினார்கள், ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார்கள். பழுது அப்படியே இருக்கிறது.

மூன்றாவது தடவை வந்ததை மறக்க முடியாது. "பார்ட் வந்துவிட்டது, நேரில் வாருங்கள்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்தே போன் வந்தது. ஒண்டிக்கடையில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அஸ்தம்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், வந்திருந்தது சார்ஜிங் போர்டு. வேறு ஒருவருடைய போனுக்கு! கவுண்டரில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "இந்தக் காலத்துல பட்டன் போனுக்கு யாரு ஸ்பேர் வெச்சிருப்பா? டச்சுல அடிச்சுப் பழகு" என்றார். அடித்துப் பழகு! வயதில் மூத்தவரை ஒருமையில் பேசுவதுதான் உங்கள் பயிற்சியா? டச்சில் அடிக்க வேண்டுமென்றால் இந்த போனை எதற்கு வாங்க வேண்டும்? மழையிலும் பனியிலும் ஈர விரலுக்குத் திரை ஒழுங்காக வேலை செய்யாது, விசை வேலை செய்யும். மலையில் கீபோர்டு போன் வாங்குவதே அதற்காகத்தான்.

நான்காவது தடவை, சிம் தட்டின் உள்ளே இருக்கும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் சிவந்துவிட்டதாம், வாரண்டி கிடையாதாம், மதர்போர்டு மாற்ற 11,400 ரூபாயாம். முதல் ஜாப் ஷீட்டில் "நீர் பாதிப்பு இல்லை" என்று உங்கள் ஆளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் நகலை இணைத்திருக்கிறேன். இரண்டாவது முறைக்குப் பின் போன் ஒன்பது நாள் உங்கள் கையில்தான் இருந்தது. ஸ்டிக்கர் எங்கே சிவந்தது என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரட்டை எழுத்து விழுவதற்கு மதர்போர்டை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கும்.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டியில் "தமிழ்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்கு 31 விசை வேண்டும், உங்கள் போனில் எழுத்து விசை 26தான். பெரிய கீபோர்டில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகளில் இருக்கும் ச, ஞ, ந, ய, ழ ஐந்துக்கும் இதில் இடமே இல்லை. ஏற்காடு என்று அடிக்கலாம், சேலம் என்று அடிக்க முடியாது. நன்றி, ஐயா, தமிழ் எதுவும் வராது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பில் அடித்தால் ல, ள, ழ தேர்ந்தெடுக்கும் பட்டை, கீபோர்டு இயங்கும்போது மறைந்துவிடுகிறது. திரைக் கீபோர்டைத் திறந்தால் சதுரத் திரையில் பாதி போய்விடுகிறது. த விசையை நீளமாக அமுக்கினால் ந, ர விசையில் ழ, ட விசையில் ச, ன விசையில் ஞ, ள விசையில் ய என்று அடுத்த அப்டேட்டில் வைத்தாலே போதும். புதிய பாகம் எதுவும் தேவையில்லை.

யுபிஐ ரகசிய எண் பக்கம் இன்னொரு தொல்லை. அது தன் எண் பலகையைத் திரையிலேயே வரைகிறது, விசையில் அடித்தால் ஏற்பதில்லை. அதன் கடைசி வரிசை திரைக்குக் கீழே வெட்டுப்பட்டு நிற்கிறது.

இந்த மூன்று மாதத்தில் ஒரு சீசன் மிளகு வியாபாரமே கையை விட்டுப் போய்விட்டது. தப்பான எடை ஒன்று போதும், பத்து வருடப் பழக்கமுள்ள வியாபாரியும் சந்தேகப்படுகிறார். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் மேல் பகை ஒன்றுமில்லை. கீபோர்டு போன் செய்கிறவர்கள் மிகக் குறைவு, நீங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றே விரும்புகிறேன். கீபோர்டு, ஃப்ளெக்ஸ் கேபிள் இரண்டையும் வாரண்டியில் கட்டணமின்றி மாற்றித் தாருங்கள். பாகம் இல்லையென்றால் 24,990 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். போனை வாங்கவும் கொடுக்கவும் ஏற்காட்டுக்கே ஆள் அனுப்புங்கள், ஐந்தாவது முறை மலையிறங்க மாட்டேன். ஒருமையில் பேசியவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பிறகு 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. அப்போது உங்கள் ஆள்தான் சேலத்துக்கு வந்து போக வேண்டியிருக்கும்.

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நான்கு, இருபது முறை அமுக்கிய சோதனையின் வீடியோ.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஏற்காடு.