சூரிச்சிலிருந்து தையல் ரீச்சர் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

நான் வேலை செய்யும் சமையலறையிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஸ்பீகல்காஸ்ஸ என்று ஒரு கல் பதித்த ஒழுங்கை வரும். 1ஆம் இலக்க வீட்டில்தான் 1916 பெப்ரவரியில் ஹூகோ பால் என்ற கவிஞரும் எமி ஹென்னிங்ஸ் என்ற பாடகியும் காபரே வோல்டேர் என்ற கலை நிகழ்ச்சி மேடையைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், அங்கே முதலாம் உலகப் போர். போர் நடக்கும் நாட்டை விட்டு வந்தவனுக்குப் பழைய சொற்கள் வாயில் ஒட்டாது, அது நமக்குத் தெரியாததா? ஹூகோ பால் அர்த்தமில்லாத ஒலிகளாலேயே கவிதை செய்தார். அதை வாசிக்கிற அன்றைக்குக் காலிரண்டையும் நீல அட்டைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டதால் நடக்க முடியாமல், இருட்டில் அவரை மேடைக்குத் தூக்கிப்போனார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது சோஃபி டொய்பரைப் பற்றி. உங்களைப் போலவே ரீச்சர், அக்கா. இங்குள்ள கலைத்தொழில் பள்ளியில் 1916 முதல் 1929 வரை துணி வேலைப்பாடு படிப்பித்தார். அதே ஆள் 1917இல் முகமூடி போட்டுக்கொண்டு, பறக்கும் மீன்களையும் கடல்குதிரைகளையும் பற்றிய ஹூகோ பாலின் ஒலிக்கவிதைக்கு ஆடினார். அவரை மணந்த ஹான்ஸ் ஆர்ப் கவிஞர், சிற்பி. இருவரும் சேர்ந்து காகிதம் ஒட்டினார்கள், எம்பிராய்டரி செய்தார்கள், ஊசி வேலையைக் கவிதைக்குக் கீழே வைக்கவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

1918இல் ஒரு நாடகத்துக்கு சோஃபி செய்த மரப்பாவைகளை மியூசியத்தில் பார்த்தேன். கூம்பும் உருளையும்தான் உடம்பு, மூட்டில் கொக்கி அப்படியே தெரிகிறது, மறைக்க நினைக்கவே இல்லை. தையல் பிரிந்தால் உள்ளே எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று துணியைத் திருப்பிப் பார்ப்பீர்களே, அப்படி நின்று பார்த்தேன்.

1995இல் வந்த 50 பிராங்க் தாளில் அவர் முகம்தான். வந்த புதிதில் அம்மாவுக்கு அனுப்ப எண்ணிக் கொடுத்த காசில் அந்தத் தாள்கள் இருந்தன, யாரென்று தெரியாமலே கொடுத்திருக்கிறேன்.

சரி, அடுத்த மாதம் மாமி வரும்போது நீங்கள் வகுப்பில் காட்டுகிற அந்தப் பழைய மாதிரித் துணியைக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி