பட்டர்மியர் மக்களுக்கு எங்கள் நன்றி

பட்டர்மியர் ஊர் மக்களுக்கும், அன்று ஏரிக்கரையில் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

கணுக்கால் முறிந்து உங்கள் ஊரிலிருந்து ஆம்புலன்ஸில் போன அம்மாவின் மகள் எழுதுகிறேன். மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். நீங்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அம்மா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. பனியாறு குடைந்த ஏரிகளைக் கரும்பலகையில் வரைந்தே காலமெல்லாம் பாடம் நடத்தியவர். மான்செஸ்டரில் என் வீட்டுக்கு வந்ததும், அப்படி ஒரு ஏரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அதற்காகத்தான் இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளுக்கு நடுவே, ஒரு சின்னத் தேவாலயமும் விடுதிகளும் சில பண்ணை வீடுகளுமாக இருக்கும் உங்கள் ஊருக்கு வந்தோம்.

பர்ட்னஸ் காட்டுப் பாதையில் ஈர வேரில் வழுக்கி விழுந்தார். செல்பேசியில் சிக்னல் இல்லை. பின்னால் வந்த இளம் தம்பதியே, ஒருவர் மழைச்சட்டையைக் கழற்றி அம்மாமேல் போர்த்தினீர்கள், மற்றவர் ஊருக்கு ஓடினீர்கள். விடுதியில் இருந்தவர்கள் உடனே அவசர உதவி எண் 999-ஐ அழைத்தீர்கள். அந்த மழைச்சட்டையைத் துவைத்து விடுதிக்கு அனுப்பியிருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்.

நாயோடு வந்த பெரியவர் ஐயா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மீட்புக் குழு வரும்வரை எங்களை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தீர்கள். பட்டர்மியர் ஏரியும் பக்கத்துக் கிரம்மக் வாட்டர் ஏரியும் ஒரு காலத்தில் ஒரே ஏரி, ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் நடுவில் மேடாகி அதை இரண்டாக்கியது, ஊர் இருப்பதே அந்த மேட்டில்தான் என்று கைத்தடியால் மண்ணில் வரைந்து காட்டினீர்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா, தடியை வாங்கிப் பனியாறு வந்த திசைக்கு அம்புக்குறி போட்டார்! பனியுகத்தில் வந்து தங்கிவிட்ட ஆர்க்டிக் சார் மீன் இன்னும் அந்த ஆழத்தில் வாழ்கிறது என்று நீங்கள் சொன்னதைத் தன் பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காக்கர்மவுத் மலை மீட்புக் குழுவினரே, உங்களில் ஒருவருக்கு மேலங்கிக்கு உள்ளே அலுவலகச் சட்டை. வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தீர்கள். சிம்பு வைத்துக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் முன்னால் அம்மாவிடம் சொல்லிச் சொல்லித் தூக்கி வந்தீர்கள். உங்களுக்குச் சம்பளம் கிடையாது, குழுவே நன்கொடையில்தான் நடக்கிறது என்று பிறகுதான் அறிந்தோம். விடுதியில் பணம் கொடுக்கப் போனபோதும் அவர்கள் வாங்காமல் உங்கள் உண்டியலைத்தான் காட்டினார்கள். எங்களால் முடிந்ததைப் போட்டோம், இனி ஆண்டுதோறும் அனுப்புவோம்.

என் மகனுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, ஹெர்ட்விக் இன ஆட்டுக்குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வளர வளர வெளுக்கும் என்று காட்டிய அக்காவுக்கும் நன்றி. பயத்தில் உறைந்திருந்த பிள்ளை அப்போதுதான் பேசினான்.

அந்தப் பக்கம் போகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: மலையில் ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ் என்று சொல்லி, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள்.

நாயோடு வந்த ஐயா, ஏரியின் மறுகரை நடையும் ஹாஸ்னஸ் பக்கத்துப் பாறைச் சுரங்கப்பாதையும் பாக்கி இருக்கின்றன. கால் தேறியதும் அம்மா வருகிறார். நீங்களும் கூட வர வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

என்றும் நன்றியுடன்,
அம்மாவும் மகளும்