நமது வாள் சேகரிப்போர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், அதில் நான் தலையிடப் போவதில்லை. யார் என்ன வாங்கினார்கள் என்பதை விவரமாகச் சொல்லுங்கள், மற்றதைச் சட்டென்று முடியுங்கள் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அப்படியே செய்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் அந்த வாரம் கொட்டித் தீர்த்த மழையில் யாரும் வீட்டை விட்டு வெளியே வருகிற நிலையில் இல்லை.

நாம் சேகரிப்பது பழைய வாள்களின் நகல்களை என்பதால், இந்த ஆண்டு எடுத்த பெரிய முடிவு ஒன்றுதான். நம் பதிவேட்டில் ‘அசல் எது?’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். யார் எந்த வாளைக் கொண்டுவந்தாலும், அது எந்த அருங்காட்சியக வாளின் நகல், இல்லை எந்தக் கோயில் சிற்பத்தைப் பார்த்துச் செய்தது என்று அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் வாங்கவே கூடாது என்றில்லை, ‘அலங்காரம்’ என்று போட்டுவிடுவோம், அவ்வளவுதான். “ஆசைக்கு வாங்குகிற பொருளுக்கு எதுக்குப்பா இவ்வளவு ஆராய்ச்சி” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கோபம் வைகாசிக் கூட்டத்தோடு போய்விட்டது, அதற்குக் காரணம் கீழே.

அந்தக் கூட்டத்துக்குப் புதிய உறுப்பினர் ஒருவர் ‘ராஜராஜ சோழன் போர்வாள்’ என்று பெட்டியிலேயே அச்சடித்த ஒன்றைக் கொண்டுவந்தார். சிங்கமுகப் பிடி, பொன்முலாம், அலகு முழுக்கப் பூவேலை, பார்க்க ஜம்மென்று இருந்தது. தராசில் வைத்தோம், இரண்டே கால் கிலோ. ஒற்றைக் கையால் வீசுகிற பழைய வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னேதான் இருக்கும், ஒன்றரை கிலோவைத் தாண்டினாலே கனம் என்று சொல்லலாம். அவர் சம்மதத்தோடு அடிக்குமிழைத் திருகிக் கழற்றிப் பார்த்தோம். நல்ல வாளில் அலகின் இரும்பே தண்டாக நீண்டு பிடிக்குள் போகும். இதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகின் அடியில் 6 மில்லிமீட்டர் மரைக்கம்பியை வெல்டு வைத்து, துத்தநாகக் கலவையில் வார்த்த பிடியை அதில் கோத்து, முடிவில் ஒரு நட்டு போட்டிருந்தார்கள். வெல்டு வைத்த இடத்தைச் சுற்றி உலோகம் நீலம் பாரித்திருந்தது. ஓங்கி ஒரு வீசு வீசினால் பிடி கையில் இருக்கும், அலகு எதிரே உட்கார்ந்திருப்பவர் மடியில் இருக்கும். கோபித்துக்கொண்ட பெரியவர்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், நாற்காலியைப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்த வாள் இப்போது பதிவேட்டில் ‘அலங்காரம்’, கொண்டுவந்தவரும் மனம் கோணாமல் கையெழுத்துப் போட்டார்.

சரி, வரவுகளுக்கு வருவோம்.

முதலில் கும்பகோணத்து வெற்றிலைக்கடை அண்ணன் மீரட்டில் சொல்லிச் செய்வித்த ஃபிரங்கி. இந்த ஆண்டின் சிறந்த வரவு இதுதான் என்பது என் அபிப்பிராயம், மன்னார்குடிக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை. இந்த வகையில் அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திருக்கும், பிடியை நம் நாட்டில் போட்டிருப்பார்கள். அண்ணனுடைய வாளில் அலகு நேராக, ஒரு பக்கம் மட்டும் கூர் வைக்கிற மாதிரி (வைக்கவில்லை, மழுங்கல்தான்), முதுகை ஒட்டி இரண்டு மெல்லிய பள்ளங்களோடு இருக்கிறது. கூடைக்காப்பு விரல்களை நன்றாக மூடுகிறது, அதன் உள்பக்கம் சிவப்பு வெல்வெட்டில் திண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். குமிழுக்கு மேலே விரல் நீளத்துக்கு வளைந்த முள் ஒன்று நிற்கிறது. அது அழகுக்காக இல்லை, இரண்டு கையாலும் வெட்டும்போது இடக்கை பிடிப்பது அங்கேதான். பிடியிலிருந்து இரண்டு பட்டைகள் அலகின் இருபுறமும் இறங்கி, தறைந்த ஆணிகளால் இறுகியிருக்கின்றன. எடை 1 கிலோ 180 கிராம், கையில் எடுத்தால் அந்தக் கனம்கூடத் தெரியவில்லை.

அறிக்கை ஆண்டு முடிந்த கையோடு, 2025 ஏப்ரலில், லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் மகாராஷ்டிர அரசு 47 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து எடுத்த, நாக்பூர் மராட்டியத் தலைவர் ரகுஜி போன்ஸ்லேயின் வாளும் இதே வகைதான், ஐரோப்பிய அலகு, மராட்டியப் பிடி. செய்தியைப் படித்துவிட்டு நாக்பூர்காரர் வாளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. 1740-ல் தாமல்செருவுக் கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியை வீழ்த்தி, அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளிக் கோட்டையைப் பிடித்து, நம் தஞ்சாவூருக்குத் தீராத தலைவலியாக இருந்த சந்தா சாகிபைக் கைதியாக்கி சாத்தாராவுக்கு அனுப்பியவர் இந்த ரகுஜிதான். அண்ணன் தன் வாளுக்கு ‘அசல் எது’ கட்டத்தில் இதை எழுத ஆசைப்பட்டார். ஆனால் அவர் செய்யச் சொன்னது ஏலத்துக்கு முன்பே, அதுவும் வேறொரு படத்தைப் பார்த்து. அதனால் அந்தப் படத்தின் விவரத்தைத்தான் எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது, திருவையாற்று உறுப்பினர் உதய்ப்பூரிலிருந்து வரவழைத்த தல்வார். வளைந்த அலகு, வட்டத் தட்டுக் குமிழ். பிடி சின்னதாக இருக்கிறதே, குழந்தைகளுக்குச் செய்ததா என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். கை உள்ளே இறுகி உட்கார்ந்து, மணிக்கட்டு கண்டபடி மடங்காமல், இழுத்து வெட்டுவதற்கான பிடி அது. பழைய முறைப்படியே தண்டை அரக்கு வைத்துத்தான் பிடிக்குள் ஒட்டியிருந்தார்கள், இப்போது பெரும்பாலும் எபாக்ஸி பசை. அக்னி நட்சத்திரத்தில் காரின் பின்சீட்டில் வாளைப் போட்டுவிட்டு அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், திரும்பி வந்து எடுத்தால் பிடி ஆடுகிறது. கும்பகோணத்தில் நகை ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனோம். பொள்ளலாகச் செய்த நகைக்குள் அரக்கு ஊற்றிப் பழகிய கை, அவருக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பழைய அரக்கைச் சூடுகாட்டி வழித்து எடுத்தார், புது அரக்கில் செங்கல்தூளைக் கலந்து இளக்கிப் பிடியின் குழிக்குள் நிரப்பினார், தண்டைக் காய்ச்சி உள்ளே இறக்கிவிட்டு, குமிழிலிருந்து நுனிவரை ஒரு நூலைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் நேர் பார்த்தார். ஆறும்வரை யாரையும் தொட விடவில்லை. கூலி கேட்டதற்கு, “அடுத்த தடவை வெயில்ல போடாதீங்க சார்” என்பதோடு சரி.

மூன்றாவது கட்டாரி, அதாவது குறுக்குக் கம்பியை முஷ்டியில் பிடித்துக் குத்துகிற குத்துவாள். இதைச் சொல்வதற்கு முன்னால் நம் எழும்பூர்ப் பயணத்தைச் சொல்ல வேண்டும். 1855-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சாவூர் ராஜ்யத்தைக் கும்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது, எத்தனையோ ஆயுதங்கள் உடைபட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயின. வெளிநாடு போனவையும் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பாய்மரம் விரித்த மாதிரி கைக்காப்பு வைத்த தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. நம் ஊர் அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிற நாம், நம் ஊர் ஆயுதத்தைப் பார்க்க எழும்பூருக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது, இதை எங்கே போய்ச் சொல்ல. போனவர்கள் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள், மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்கள்.

அங்கே பார்த்ததை மனதில் வைத்துத்தான் மன்னார்குடி வாத்தியார் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் கட்டாரிப் பிடி வார்க்கக் கொடுத்தார். சிலைக்குச் செய்வது மாதிரியே மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுப் பித்தளையை ஊற்றியிருக்கிறார்கள். கைக்காப்பின் மேல்முனையில் யாளி முகம், அதன் கடைவாய்ப் பற்கள் வரை விழுந்திருக்கிறது. வேலை அருமை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அங்கே பார்த்த பிடிகள் இரும்பு. செதுக்கி எடுத்த இரும்பின் மெலிவு பித்தளை வார்ப்பில் வரவில்லை, குறுக்குக் கம்பிகள் இரண்டும் தடித்துவிட்டன, கை நுழைக்கவே கொஞ்சம் சிரமப்படுகிறது. ‘தஞ்சாவூர்க் கட்டாரியைத் தழுவியது, பிடி பித்தளை’ என்று பதிவு செய்திருக்கிறோம். வாத்தியாருக்கு இதில் வருத்தம்தான், ஆனால் அவரே பதிவேட்டில் தன் கையால் எழுதினார்.

நான்காவது, ஒருவர் ‘அசல் உருக்கு இரும்பு, டமாஸ்கஸ்’ என்று சொல்லி வாங்கிய குத்துவாள். அலகில் நீரோட்டம் போலக் கோடுகள் ஓடுகின்றன, அதில் குறையில்லை. ஆனால் இப்போது கடையில் டமாஸ்கஸ் என்று கிடைப்பது பெரும்பாலும் இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, அமிலத்தில் முக்கிக் கோட்டை வெளியே கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பழைய உருக்கு வேறு. இரும்பையும் கரிப்பொருளையும் மூசை எனும் மண்கலத்தில் மூடிவைத்து உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுத்த கட்டி அது. கரியளவு ஒன்றரை சதவீதம் வரைகூடப் போகும், அடித்து நீட்டும்போது கோலம் உள்ளிருந்தே எழும். அந்த மூசைகளின் மிச்சம் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் கிடைத்திருக்கிறது. குத்துவாள் நல்ல பொருள்தான், கொடுத்த விலைக்கும் தகும். அதோடு வந்த சான்றிதழைத்தான் நம்ப வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறை உறுப்பினர் டேராடூனில் தயாரான ஐரோப்பிய வீரர் வாள் ஒன்று வாங்கினார், குறுக்குக்காப்பு அருகே 6 மில்லிமீட்டர் தடிமன், நுனிப்பக்கம் இரண்டரைக்குக் குறைகிறது. இப்படிப் படிப்படியாக மெலிந்தால்தான் அது வாள், ஒரே தடிமனில் ஓடினால் வெறும் பட்டை இரும்பு. திருவாரூர்த் தம்பி வாக்நக் எனும் புலிநகம் இரண்டு வாங்கினார், 2024 ஜூலையில் லண்டனிலிருந்து சாத்தாராவுக்கு இரவலாக ஒன்று வந்ததே, அந்தச் சூட்டில். அது சத்ரபதி சிவாஜி கையில் இருந்ததுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தாரே சொல்லிவிட்ட பிறகு, நாம் ‘அசல் எது’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பராமரிப்பு. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்த வாள்களை அப்படியே பத்து நாள் விட்டவர்கள் எல்லாருக்கும் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு. அதோடு ஐப்பசி அடைமழையும் சேர்ந்துகொண்டது. பூஜை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பொட்டைப் பிடியிலோ உறையிலோ வையுங்கள், அலகில் வேண்டாம். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுக்காகிவிடும், தையல் மெஷின் எண்ணெய் போதும். வெறுங்கையால் அலகைத் தடவிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

சட்ட விஷயம். 2016 ஆயுத விதிகளில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் ஐந்தாம் வகையில் வருகின்றன, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளும் அதில் அடக்கம். ரெப்ளிகாதானே சார் என்பதெல்லாம் ரோந்து போகிறவர்களிடம் எடுபடாது. எல்லா வாளும் மழுங்கலாகவே இருக்க வேண்டும், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கூட்டத்துக்குக் கொண்டுவரும்போது பூட்டிய பெட்டியில்தான் வர வேண்டும் என்ற நம் விதி தொடர்கிறது. கூர் தீட்ட அனுமதி கேட்டு வந்த தீர்மானம் தோற்றது. வெட்டிப் பார்க்க வாழைமரம் தருகிறேன் என்று ஒருவர் தோப்பையே காட்டியும் தோற்றது. ராஜராஜ சோழனின் சதய விழா ஊர்வலத்தில் பிள்ளைகள் ஏந்திப் போக வாள்கள் இரவல் கேட்டு வந்தார்கள், மரவாள் செய்து தருகிறோம் என்றோம். போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைச் சிற்பங்கள் இருக்கின்றன, இரண்டாம் ராஜராஜன் காலம், 12-ஆம் நூற்றாண்டு. நாயன்மார்களில் ஏனாதிநாத நாயனார் வாள் பயிற்றிய ஆசான், சோழநாட்டு எயினனூர்க்காரர், அதாவது நம் ஆள். அந்தச் சிற்ப வரிசைகளில் உள்ள வாள்களை முதலில் படம் எடுத்து, பிடிக்கும் அலகுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, அதன்படி ஒரே ஒரு வாளை சங்கத்தின் பெயரில் செய்யலாம் என்பது யோசனை. சிங்கமுகம் இருக்காது, பொன்முலாம் இருக்காது. செலவுக்குத் தனி நன்கொடை கேட்கப் போகிறோம், பொருளாளர் ரசீது புத்தகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வரைபடம் போடத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

கூடம் தந்த அரிசி மண்டி முதலாளிக்கும், எழும்பூர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த தம்பிகளுக்கும், அரக்கு ஆசாரிக்கும் சங்கத்தின் நன்றி. பதிவேட்டில் ‘அசல் எது’ கட்டம் காலியாக உள்ளவர்கள் தை மாதக் கூட்டத்துக்குள் நிரப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்