செங்கல் சுமந்தவர்களை நினைப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பினாங்கு ஃபார்குவார் சாலை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் படம் எடுக்காத சுற்றுப்பயணி அரிது. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஆங்கிலிக்கன் ஆலயம் 2007இல் மலேசியாவின் தேசிய மரபுச் சின்னமானது. சரி, கட்டியது யார்? கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றி அனுப்பிய இந்தியக் கைதிகள். முற்றத்தில், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்கு நினைவு மண்டபம் நிற்கிறது. வெயிலில் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களுக்கும் ஒரு கல்வெட்டு வேண்டும், தமிழிலும் எழுதி.

இது காட்சிப்பொருள் அல்ல. ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கும் சபை. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாளாவது அந்தக் கைதிகளுக்காகச் சபையார் மன்றாடட்டும். லிட்டில் இந்தியாவில் இருக்கும் நம்மவர்களையும் அன்று அழைக்கட்டும். நடக்கும் தூரம்தானே!

வாசகர்,
ஜார்ஜ்டவுன்