பிள்ளை போனைக் கவிழ்த்து வைக்கிறதா? 7, 8, 9ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

குடியாத்தம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

தறி, பீடி, ஷூ கம்பெனி ஷிப்ட் என்று நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், வீட்டிலிருக்கும் ஒரே போன் பிள்ளை கையில்தான் இருக்கிறது. அந்தப் போன் வழியே வருகிற கேலி, தொல்லையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொல்லை கொடுப்பது பெரும்பாலும் கூடப் படிக்கிற பிள்ளைகளே. குரூப் போட்டோவிலிருந்து ஒருவன் முகத்தை மட்டும் வெட்டி, மேலே பட்டப்பெயர் எழுதி, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிடுகிறார்கள். ஒரு நிமிட வேலை. மற்றவர்கள் அதைச் சேமித்துக்கொண்டால், செய்தவனே அழித்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நிறம், பல், சாதி, அப்பா பார்க்கிற வேலை எதையும் விட்டுவைப்பதில்லை. முன்பெல்லாம் பள்ளி விட்டால் கேலியும் விட்டது. இப்போது பாய் வரைக்கும் கூடவே வருகிறது.

பிள்ளை ஏன் நம்மிடம் சொல்வதில்லை? போனைப் பிடுங்கிவிடுவோம் என்ற பயம். அடிபட்டவனுக்கே தண்டனை என்றால் யார் வாய் திறப்பார்கள்? "சொன்னியே, நல்லதுப்பா" என்று ஆரம்பியுங்கள்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட், அதாவது போன் திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுப்பது. எண், தேதி, நேரம், குரூப் பெயர் நான்கும் தெரியவேண்டும். அனுப்பியவர் பெயரைத் தொட்டால் எண் வரும், அதையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஏறக்குறைய இரண்டு நாள் வரை எல்லோர் போனிலிருந்தும் அழிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் ஆதாரம் போய்விடும். ரிப்போர்ட், பிளாக் எல்லாம் அதற்குப் பிறகு. பிளாக் செய்தாலும் இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால் அவன் போடுவது வந்துகொண்டேதான் இருக்கும். குரூப்பை விட்டு வெளியே வரவேண்டும். அவன் கூட்டாளிகள் திரும்பச் சேர்க்காமலிருக்க, செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' தொட்டு அவர்கள் பெயர்களைக் குறியுங்கள்.

ஆடையில்லாத படமோ, முகத்தை வேறு உடம்பில் ஒட்டிய மார்ஃபிங் படமோ என்றால் முறை வேறு. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஆதாரத்துக்கென்றுகூட யாருக்கும், எனக்கும், அனுப்பாதீர்கள். குழந்தையின் அத்தகைய படத்தைப் பகிர்வதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். போனோடு நேரில் வாருங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கேலி செய்த பிள்ளை வீட்டு வாசலில் போய்ச் சண்டை மட்டும் வேண்டாம். தெருச் சண்டையானால் மறுநாள் வகுப்பில் அனுபவிப்பது உங்கள் பிள்ளை. கேலி செய்தவனும் என் மாணவன். அவனிடம் நான் பேசுகிறேன்.

இந்த வயதுக்குக் குறைந்தது 8 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் போன், உங்களுடையதும் சேர்த்து, சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். போன் விளையாட்டில் மூழ்கிய பிள்ளையிடம் ஒரே நாளில் பிடுங்கினால் வீடு ரெண்டாகும். தினமும் விளையாடும் நேரத்தில் வாரத்துக்கு அரைமணி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மெசேஜ் வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பது, காலையில் வயிற்றுவலி, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்புவது: இரண்டு வாரம் நீடித்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்திலோ காட்டுங்கள். "செத்துப் போறேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே காட்டவேண்டும், தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

சம்பளத்தை விட்டுவிட்டு வரவேண்டாம். பள்ளி டைரி முதல் பக்கத்தில் என் எண் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நானே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்