பரணில் கிடைத்த நோட்டு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். சித்தப்பா வந்து போனார், அந்த விஷயம் ஒருவழியாக முடிந்தது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும். அலுவலகக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்துகொள்வதாக அம்மாவிடம் சொன்னாயாம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

பரணைச் சுத்தம் செய்தபோது உன் பழைய நோட்டு கிடைத்தது. டிவியில் ஃப்ரெண்ட்ஸ் என்ற ஆங்கிலத் தொடரைப் பார்த்துப் பார்த்து எழுதினாயே, அதுதான். இடப்பக்கம் காதில் விழுந்தபடி வசனம், வலப்பக்கம் தமிழ். முதல் பக்கத்தில் 'கானா' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். நான்கு பக்கம் தள்ளி, 'கோயிங் டு என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்' என்று சிவப்பு மையில். யாரும் சொல்லித் தரவில்லை, நீயே கண்டுபிடித்தது. 'ஐட்' (I'd) என்று கேட்டால் அடுத்த வினைச்சொல்லைப் பார்க்க வேண்டுமாம்: 'கான்' (gone) வந்தால் அது ஐ ஹேட் (I had), 'கோ' (go) வந்தால் ஐ உட் (I would). தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் ஆங்கிலப் படிவம் பார்த்த எனக்கு இது தெரியாது.

இன்னொரு பக்கம். 'உட் யூ மைண்ட்', அதாவது ஆட்சேபம் உண்டா என்று ஒருவர் கேட்டால் 'நோ' என்பதுதான் சம்மதம். அருகில், 'நம் பரவாயில்லை மாதிரி. இல்லை என்று முடிந்தாலும் சரி என்றுதான் பொருள்' என்று எழுதியிருக்கிறாய். பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியது! அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த பிறகு மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போது அரிக்கேன் விளக்கில் இந்த நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு குரலில் மாறி மாறிப் படித்தாய். ஓடு பறந்த கவலையில் எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது சொல்கிறேன், அதேபோல் வாய்விட்டுப் படி. கூட்டத்துக்கு முந்தைய இரவு, சொல்ல வேண்டியதை இரண்டு குரலில் சொல்லிப் பார். அந்தத் தொடரில் யாரும் முழு வாக்கியம் பேசி முடிப்பதில்லை என்று நீயே குறித்திருக்கிறாய். பாதியில் நிறுத்துகிறார்கள், திருத்திச் சொல்கிறார்கள். நீயும் தப்பு வந்தால் திருத்திச் சொல். ஓரமாக உட்காராதே. மூன்று ஞாயிறு பேசாமல் இருப்பதும் நல்ல பழக்கம் இல்லை, பாப்பா.

நோட்டு பாதியில் நிற்கிறது. கடைசித் தேதியைப் பார்த்தேன். புதுச்சேரி அத்தை வீட்டு விசேஷம் நடந்த வாரம் அது.

அன்றைக்கு அந்த மாப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது உன்னை அல்ல, என்னை. எனக்குப் புரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றேன். நீ முந்திக்கொண்டு அழகாகப் பதில் சொன்னாய். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய். நான் என்ன செய்தேன்? 'டிவி பேசுகிறது பாருங்கள்' என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். உன் முகத்தைப் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை. மறுவாரம் கேபிளைத் துண்டித்தேன். பிளஸ் டூ படிப்புக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன், உன் அம்மாவிடமும் அப்படித்தான். படிப்புக்காக இல்லை. நான் வெட்கப்பட்டதற்கு உன் வாயை அடைத்தேன். அதன் பிறகு நம் வீட்டில் நீ ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். கூடவே பண்ருட்டி முந்திரி அரைக் கிலோ. உடைத்த பருப்பு இல்லை, முழுசு. இரவில் வெறும் வயிற்றோடு படுக்காதே.

ஞாயிறு போன் செய். நான் எடுத்தால், உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே.

அன்புடன்
அப்பா