சேறு படிந்த சக்கரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ரஷ்ய ஓவியர் சூரிகோவின் ‘ஸ்ட்ரெல்ட்ஸிகளின் மரண தண்டனைக் காலை’ படத்தைப் பார்த்துவிட்டு, உன் வகுப்புப் பெண் “இதில் சரித்திரமே தப்பு” என்றாளாமே. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1698-இல் ஜார் பீட்டரை எதிர்த்துக் கலகம் செய்த அந்த ஸ்ட்ரெல்ட்ஸி படைவீரர்களில் பலரைத் தூக்கிலிட்டது மாஸ்கோவுக்கு வெளியே இருந்த பிரியோபிரஜென்ஸ்கோயேவில். சூரிகோவ் எல்லோரையும் செஞ்சதுக்கத்துக்குக் கொண்டுவந்து ஒரே விடியலில் நிறுத்திவிட்டார்.

ஆனால் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாயா? மறுபடி மாஸ்கோவின் ட்ரெத்தியாகோவ் ஓவியக் கூடத்துக்குப் போனால் பீட்டரை விட்டுவிட்டு அதைப் பார். அந்தக் கால மாஸ்கோவில் தெருவுக்குக் கல் பாவவில்லை, கறுப்புச் சேறு. சக்கரத்தில் ஓரிடத்தில் சேறு ஒட்டியிருக்கும், பக்கத்திலேயே தேய்ந்த இரும்பு வெள்ளியாக மின்னும். மனுஷன் இதைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசியிருக்கிறார். இடத்தை மாற்றியவர் சேற்றை மாற்றவில்லை.

அவருடைய ‘பயாரினா மொரோஸவா’ (1887) இன்னும் ஒரு படி மேல். பழைய வழிபாட்டு முறையை விடமாட்டேன் என்றதற்காக 1671-இல் கைதான பிரபு குலப் பெண் அவள். அவளை ஏற்றிப் போகும் பனிச்சறுக்கு வண்டியின் தடம் சரியாக விழ வேண்டுமென்று, பனி கொட்டிய நாட்களில் தெருவில் போகும் வண்டிகளின் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அப்படியும் வண்டி நகரவில்லையாம்! நகரும்வரை கித்தானை ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கினார். கீழே இவ்வளவு வெற்றிடம் எதற்கு, வெட்டிவிடலாமே என்றவர் டால்ஸ்டாய். வெட்டினால் வண்டி நின்றுவிடும் என்று சூரிகோவ் மறுத்துவிட்டார். எவ்வளவு தைரியம் பார்!

பனியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பித்தன் சாமியார், சந்தையில் வெள்ளரிக்காய் விற்றவர். பாதத்தில் வோட்காவைத் தேய்த்துவிட்டு நிஜப் பனியிலேயே உட்கார வைத்து வரைந்தார். டாக்டருக்குப் படிக்கிறவள் நீ, திட்டத்தான் செய்வாய்.

இதோடு கான்ஸ்டன்டின் மக்கோவ்ஸ்கியின் ‘பயார் (பிரபு) வீட்டுக் கல்யாண விருந்து’ (1883) படத்தை இணையத்தில் வைத்துப் பார். முத்தும் ஜரிகையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த உடுப்புக்குள் ஒருவருக்காவது வியர்த்த மாதிரி தெரியாது. எனக்கு அது பிடிப்பதில்லை; அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சூரிகோவின் ‘பெரியோஸவில் மென்ஷிகோவ்’ படமும் அதே ஆண்டுதான். சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட முன்னாள் மந்திரி எழுந்து நின்றால் தலை கூரையில் இடிக்கும். அளவு தப்பு என்று அப்போதே குறை சொன்னார்கள். இடிக்கட்டும், அதுதான் சரி என்பேன் நான்.

உன்னிடம் ஒரு கேள்வி. இவான் ஜார் தன் மகனை அடித்துக் கொன்றதை ஓவியர் ரெப்பின் வரைந்து 1885-இல் காட்சிக்கு வைத்தபோது, உடற்கூறியல் பேராசிரியர் ஒருவர் அந்தப் படம் பொய் என்று தனியாக ஒரு சொற்பொழிவே ஆற்றினார். நெற்றிப்பொட்டில் காயம் பட்டால் ரத்தம் எப்படி வரும், அவ்வளவு வருமா? உன் பாடப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா